ஆமினா கடைத் தாம்பாளம்

ஆமினாவின் கடையில் ஆளுக்கொரு தட்டு கிடையாது. கேட்டால் கொடுப்பாள். ஆனால் கேட்கிறவரைப் பார்த்து, விருந்துக்கு வந்தவர் கட்டுச்சோறு கொண்டுவந்ததைப் போல ஒரு சிரிப்புச் சிரிப்பாள்.

ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்திலிருந்து சரிவாக இறங்கும் சந்து ஒன்றில், முடிவெட்டும் கடைக்கும் போட்டோகாப்பிக் கடைக்கும் நடுவே அந்தச் சூடான் சாப்பாட்டுக்கடை இருந்தது. ஏழெட்டு மேசை, பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு, பின்புற நடையில் ஒரு கைகழுவும் தொட்டி, காலடியில் எரியும் ஒரு ஹீட்டர். மதியத்தில் மாணவர்கள் வாசல்வரை நிற்பார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் ஈரக் கோட்டுகளின் வாடையும், சுட்ட கத்தரிக்காயின் வாடையும், கிராம்பு போட்ட தேநீரின் வாடையும் ஒன்றாகி, கண்ணாடிக் கதவு ஆவி பூத்து வெளியே தெருவே தெரியாது.

தெரு தெரியாததுதான் திலகாவுக்கு அந்தக் கடையில் முதலில் பிடித்த விஷயம். தெருவிலிருந்து பார்த்தாலும் உள்ளே யாரும் தெரியாது. சான்ட்ரிங்ஹாமிலோ ஒடாஹுஹுவிலோ ஒரு தோசைக் கடையில் உட்கார்ந்தால், சட்னி வருவதற்குள் அண்ணனுக்குப் போன் போய்விடும். சூடான் கடைக்கு எந்தத் தமிழரும் வரமாட்டார்.

வியாழக்கிழமை அண்ணி சாந்தாவுக்கு ஆஸ்பத்திரியில் ஓய்வு நாள். அன்று ஒருநாள் பிள்ளைகளை அவள் பார்த்துக்கொள்வாள். திலகா வீட்டில் 'லேப்ல கூடுதல் வேலை' என்று சொல்லியிருந்தாள். பல்கலைக்கழகத்தின் உயிரியல் கட்டடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, நீராவிப் பெட்டியில் வேகவைத்து, அலமாரியில் அடுக்குவது அவள் வேலை. அந்த நீராவிப் பெட்டி ஒருநாள் கரண்ட்டைத் துண்டித்துவிட்டு நின்றுபோக, அதைப் பழுதுபார்க்க வந்தவர்தான் தியாகலிங்கம். ஒடாஹுஹுவில் இன்னும் இரண்டு பேரோடு வாடகைக்கு இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். நாற்பத்தைந்தை நெருங்கியும் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று அவள் கேட்டபோது, "சண்டை நடக்கேக்க நேரமில்லை. இஞ்ச வந்தாப் பிறகு ஓவர்டைம்" என்றார்.

ஆமினா முதல்முறை தாம்பாளத்தைக் கொண்டுவந்து நடுவில் வைத்தபோது திலகா திகைத்துப்போனாள். மசித்த அவரை விதைமேல் எள்ளெண்ணெயும் வெங்காயமும், பக்கத்தில் கடலைச் சாந்தில் பிசைந்த கத்தரிக்காய், வெண்டைக்காய்க் குழம்பு, சோளமாவைப் புளிக்கவைத்துத் தோசையைவிட மெல்லிசாக வார்த்து மடித்த கிஸ்ரா. எல்லாவற்றுக்கும் ஒரே தாம்பாளம். ஈப்போவில் அவள் வளர்ந்த வீட்டில் ஒருத்தர் குவளையை இன்னொருத்தர் உதட்டில் வைத்ததில்லை. அண்ணன் பிள்ளைகள் கடித்த ஆப்பிளைக்கூட, கடித்த இடத்தை வெட்டிவிட்டுத்தான் அவள் தின்பாள். அவள் முழிப்பதைப் பார்த்த தியாகு, கரண்டிக் காம்பால் அவரை மசியலின் குறுக்கே ஒரு கோடு கிழித்தார்.

"இந்தப் பக்கம் மலேசியா. அந்தப் பக்கம் சிலோன். எல்லை தாண்டினா விசா வேணும்."

அந்தக் கோட்டை அவர் சில வாரம் கிழித்தார். பிறகு எப்போது கிழிக்காமல் விட்டார் என்று இருவருக்கும் நினைவில்லை.

இன்றைக்கு ஜூலை மாதக் குளிர்கால மழை, குடையை மல்லாத்துகிற காற்றோடு. திலகா நனைந்துபோய் வந்து உட்கார்ந்தாள். இன்று அவள் வந்தது 'முடியாது' என்று சொல்ல.

தியாகுவுக்கு கிறைஸ்ட்சர்ச்சில் வேலை. பூகம்பத்தில் இடிந்த ஊரைத் திரும்பக் கட்டுகிறார்கள். வயர் இழுக்க ஆள் போதவில்லை. அடுத்த மாதம் கிளம்ப வேண்டும். போகும்போது அவளையும் கட்டிக்கொண்டு கூட்டிப்போக வேண்டும் என்று சென்ற வியாழன் கேட்டிருந்தார்.

"என்ன, முகம் இப்பிடிக் கிடக்கு? யோசிச்சனீங்களோ?"

"சாப்டுட்டுச் சொல்றேன்."

"அப்ப அது நல்ல பதிலில்லை."

"சாப்டுங்க லா, ஆறிடும்."

அவர் கிஸ்ராவைப் பிய்த்தார். அவளும் பிய்த்தாள். புளிப்பு நாக்கில் ஏறியது. சாப்பிட்டு முடியும்வரை சொல்ல வேண்டாம் என்பதால் இருவரும் மெதுவாகவே சாப்பிட்டார்கள். ஆனால் ஆமினாவிடம் ஒரு பழக்கம். தாம்பாளத்தில் தரை தெரிந்தால் விருந்தாளிக்கு வயிறு நிறையவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னொரு கரண்டி கொட்டுவாள். மிச்சம் வைத்து எழுந்தால்தான் அவளுக்குத் திருப்தி. இவர்களோ சோற்றை வீணாக்கக் கூடாது என்று வழித்துச் சாப்பிடுகிற ஜாதி. ஆக, ஒவ்வொரு வியாழனும் சாப்பாடு முடிந்தபாடில்லை. கடைசியில் மிஞ்சுவதைக் கொட்ட மனமில்லாமல் திலகா வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போவாள். லேப்பில் யாருக்கோ பிறந்தநாள் என்பாள்.

"ரூமுக்குக் கூரை போட்டாச்சு," என்றாள்.

"எந்த ரூம்?"

"வீட்டுக்குப் பின்னாடி. எனக்குன்னு அண்ணன் கட்டுறாரு. ஸ்லீப்அவுட். பாத்ரூமோட."

தியாகு கையிலிருந்த கிஸ்ராவை இன்னும் சின்னதாகப் பிய்த்தார்.

எப்சத்தில் அண்ணன் வாடகைக்கிருந்த வீட்டுக்கு அவள் வந்தபோது இரட்டைப் பிள்ளைகள் பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. பிள்ளைங்க நடக்கட்டும், அப்புறம் உனக்கு ஒரு இடம் பார்க்கலாம் என்றார் அண்ணன் ராஜூ. நடந்தார்கள். பள்ளிக்குப் போகட்டும் என்றார். போனார்கள். சாந்தா நர்ஸ் பதிவை முடிக்கட்டும், வீடு வாங்கட்டும் என்று அடுத்தடுத்து ஏதாவது ஒன்று முடிய வேண்டியிருந்தது. யாரும் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அவளுக்குப் பிடிக்காத பாகற்காய் அந்த வீட்டில் சமைக்கப்பட்டதே இல்லை. குளிர்காலம் தொடங்குமுன் அண்ணன் அவளுக்குத்தான் முதலில் கம்பளிச் சட்டை வாங்குவார். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏணி போட்டு ஏறி, மழைக்கோட்டோடு தகரத்துக்கு ஆணி அடிக்கிறார். தகரத்தில் விழும் ஒவ்வொரு அடியும் சமையலறையில் மாவு அரைத்துக்கொண்டிருக்கும் அவளுக்குக் கேட்கும்.

"கெட்டவங்களா இருந்தா என்னைக்கோ கெளம்பி வந்திருப்பேன்," என்றாள். "எப்படிச் சொல்றது?"

"நீங்கள் சொல்லவேண்டாம். நான் வந்து கதைக்கிறன்."

"வேணாம்."

"எனக்கும் வேண்டாமெண்டுதான் சொல்லப் போறியளோ?"

அவள் வாயைத் திறந்தாள். அப்போது பைக்குள் போன் அடித்தது. திரையில் அண்ணன் பெயர்.

எடுக்கலாமா வேண்டாமா என்று அவள் தயங்கிய நேரத்தில் கதவு திறந்து குளிர்காற்று உள்ளே வந்தது. காதில் போனை வைத்தபடி ராஜூ நின்றார். பின்னால் சாந்தாவும், நனைந்த பள்ளிக்கூடப் பைகளோடு இரட்டைப் பிள்ளைகள் ஜஸ்வினும் ஷர்மினியும்.

"அட, இங்கயே இருக்கா," என்று போனை அணைத்தார் ராஜூ. முகமெல்லாம் சிரிப்பு. "உன்ன லேப்லேர்ந்து இழுத்துட்டு வரலாம்னு வந்தோம். சர்ப்ரைஸ் கொடுக்க வந்தா நீ எனக்குக் கொடுக்குற."

"நீ தாப்பாவ் பண்ணி, பொட்டலம் கட்டி எடுத்துட்டு வர்ற பையில அட்ரஸ் இருந்துச்சு," என்றாள் சாந்தா. "அந்தக் கத்தரிக்காய் சூடா எப்படி இருக்கும்னு இதுங்க ரெண்டும் உயிரை எடுத்துட்டுதுங்க."

"அத்தே, ஐ'ம் ஸ்டார்விங்," என்றாள் ஷர்மினி.

திலகா கிஸ்ராவைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தாள். "இவரு... இவரு யூனிவர்சிட்டி எலக்ட்ரீசியன். கடையில எடமில்ல. அதான் ஒரே மேசையில..."

"வணக்கம்," என்றார் தியாகு. "தியாகலிங்கம்."

"உக்காருங்க, உக்காருங்க. தமிழருங்க. சந்தோசம்." ராஜூ ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்தார். அவர் எதையும் சந்தேகப்படுகிற மனிதரில்லை.

ஆமினாவுக்கு அதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது, அதாவது அவள் அளவில் புரிந்துவிட்டது. குடும்பம் வந்திருக்கிறது. பக்கத்து மேசையை இழுத்து ஒட்டிப் போட்டாள். ஆறு பேருக்குமாகப் பெரிய தாம்பாளம் ஒன்றைக் கொண்டுவந்து பழையதன் இடத்தில் வைத்தாள். திலகாவின் தோளைத் தட்டி, "ஃபேமிலி, குட், குட்," என்றுவிட்டுப் போனாள்.

சாந்தா தாம்பாளத்தையே பார்த்தாள். "எல்லாரும் இதுலயேவா? கை போட்டா எச்சி ஆவாதா?" என்று சன்னமாகச் சொல்லிவிட்டு, தட்டு கேட்டாள். ஆமினா தன் சிரிப்பைச் சிரித்துவிட்டு ஆறு தட்டு கொண்டுவந்தாள். சாந்தா ஒவ்வொருவர் முன்னும் ஒன்றை நகர்த்தி, கரண்டியால் பரிமாறினாள். திலகாவின் தட்டிலும் வைத்தாள்.

ராஜூ சாப்பிட்டார், பேசினார். மழையைப் பற்றி, எப்சத்தில் வீட்டு விலையைப் பற்றி, சிலோன்காரர்கள் தேங்காய்ப்பால் ஊற்றாமல் ஒன்றும் சமைக்கமாட்டார்களாமே என்பதைப் பற்றி.

"உங்கட ஆக்கள் மட்டும் என்ன, சம்பல் இல்லாம மருந்தும் குடிக்க மாட்டினமாம்," என்றார் தியாகு. ராஜூ விழுந்து விழுந்து சிரித்தார்.

"எலக்ட்ரீசியன்னு சொன்னா தங்கச்சி. கடவுளாப் பாத்து அனுப்பியிருக்காரு. ஒரு ரூம் கட்டிக்கிட்டிருக்கேன் பாருங்க." தட்டிலிருந்த வடை போன்ற உருண்டைகளை ராஜூ மேசைமேல் அடுக்கினார். "இது நம்ம வீடு. இது கார் ஷெட். நடுவுல எலுமிச்ச மரம். இந்தக் குட்டி இருக்கு பாருங்க, இதான் திலகா ரூம். வீட்டுக்குள்ளேர்ந்து ஒரு வயர் இழுக்கணும். கொட்டேஷன் எல்லாம் யானை விலை சொல்றானுங்க. நீங்க பண்ணித் தர முடியுமா?"

ஜஸ்வின் கைநீட்டி அத்தையின் அறையை எடுத்துத் தின்றான்.

தியாகு திலகாவைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க அவர் படும் பாடு அவளுக்குத் தெரிந்தது. "செய்யலாம்," என்றார். "எத்தினை பொயின்ற் வேணும்?"

"லைட்டு ரெண்டு. ஹீட்டருக்கு ஒண்ணு தனியா. இவளுக்குக் குளிர் தாங்காது."

"ஹீட்டருக்குத் தனி வயர்தான் இழுக்கோணும். நான் வந்து பாக்கிறன். சனிக்கிழமை வரலாம்."

வருவார். வந்து, கூரைக்குள் படுத்து ஊர்ந்து, தூசி தின்று, கூலி வாங்காமல் அந்த அறைக்கு வெளிச்சம் போட்டுக் கொடுத்துவிட்டுத் தனியாக விமானம் ஏறிப் போவார். அந்த நினைப்பில் திலகாவின் கை, முன்னாலிருந்த தட்டை மறந்து தாம்பாளத்துக்குப் போனது. ராஜூவுக்குப் பதில் சொல்லிக்கொண்டே தியாகு, எல்லா வியாழனும் செய்வதுபோல, தன் விரலால் கத்தரிக்காயில் காரம் படாத பகுதியை அவள் பக்கம் ஒதுக்கினார். அவர் விரல் எடுத்த இடத்தில் அவள் விரல் போய், கிஸ்ராவில் வழித்து, வாயில் போட்டுக்கொண்டது.

நிமிர்ந்தபோது சாந்தா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கை கழுவணும்," என்றாள் சாந்தா. "நீயும் வா."

தொட்டி இருந்த நடை குறுகலானது. ஒரு பக்கம் வெங்காய மூட்டை, ஒரு பக்கம் கோக் பெட்டிகள். சாந்தா குழாயைத் திறந்துவிட்டுக் கழுவாமல் நின்றாள்.

"எவ்ளோ நாளா?"

"என்ன அண்ணி?"

"நடிக்காத திலகா. நான் குடிச்ச கிளாஸ்ல நீ தண்ணி குடிச்சு நான் பாத்ததில்ல. உங்க அண்ணன் தட்டுலேர்ந்து ஒரு அப்பளம் எடுத்ததில்ல. அந்த மனுசன் வெரல் வெச்ச எடத்துலேர்ந்து எடுத்துத் திங்கிற. பொண்டாட்டி மாதிரி."

திலகா தலையைக் குனிந்துகொண்டாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லவரா?"

"நல்லவருதான். அடுத்த மாசம் கிறைஸ்ட்சர்ச் போறாரு. கட்டிக்கிட்டு வரச் சொல்றாரு." பிறகு அவசரமாகச் சொன்னாள்: "நான் முடியாதுன்னு சொல்லத்தான் வந்தேன் அண்ணி."

சாந்தாவின் நெஞ்சிலிருந்து ஒரு மூச்சு வெளியே வந்தது. அடக்க நினைத்தும் அடங்காமல், ஆஸ்பத்திரியில் காய்ச்சல் இறங்கிய பிள்ளையின் தாய் விடுகிற மாதிரி ஒரு மூச்சு. அது வந்த பிறகு அவளுக்கே வெட்கமாகிவிட்டது. கையைத் தண்ணீரில் நீட்டினாள்.

"நான் வேணாம்னு சொல்லல. நீயும் நல்லா இருக்கணும். இப்போ வேணாம் லா, அவ்ளோதான். இதுங்க இன்டர்மீடியட் ஸ்கூல் முடிக்கட்டும். எனக்கு நைட் ஷிப்ட மாத்திப் பகல் ஷிப்ட் கொடுப்பாங்க. அப்புறம் நானே முன்ன நின்னு பண்ணி வெக்கிறேன். அதுவரைக்கும் காத்திருக்கமாட்டாரா என்ன?"

"இருப்பாரு," என்றாள் திலகா.

"பாத்தியா. உங்க அண்ணன்கிட்ட நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். பாவம், மழையில ஏறி ஏறி முட்டி வலின்னு தைலம் தேய்ச்சுக்கிட்டுப் படுக்குறாரு. இப்ப இதைச் சொன்னா ஒடஞ்சுபோயிடுவாரு."

சாந்தா கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். திலகா பெட்டிகளுக்கும் மூட்டைக்கும் நடுவே இன்னும் கொஞ்சம் நின்றாள். முடிக்கட்டும். அந்தச் சொல்லை அவள் எத்தனை தடவை கேட்டிருந்தாலும் அதோடு வந்த மூச்சை இன்றைக்குத்தான் கேட்டாள். அண்ணி மோசமானவளில்லை. தன்னை விட்டுவிட அவளால் முடியவில்லை. அவளால் ஒருநாளும் முடியப்போவதில்லை.

மேசைக்குத் திரும்பியபோது ராஜூ புதிதாக உருண்டைகளை அடுக்கியிருந்தார்.

"வா, வா. உன்னத்தான் கேக்கணும். கட்டிலை ஜன்னல் பக்கம் போடலாமா, செவத்துப் பக்கமா? நீ சொல்லு. அதுக்கேத்த மாதிரி தலமாட்டுல ஒரு சுவிட்ச் வெச்சுடுறேங்குறாரு. எந்திரிக்காமலே லைட்ட அணைக்கலாம்."

"அண்ணே, அந்த ரூம் எனக்கு வேணாம்."

"ஏன்? சின்னதா இருக்கா? பெருசு பண்ணணும்னா கவுன்சில்ல பர்மிட்டு கேப்பான் லா."

"அதில்லண்ணே. நான் இவரோட போறேன். கல்யாணம் பண்ணிக்கிட்டு. கிறைஸ்ட்சர்ச்."

தியாகுவின் கையில் பிய்த்த கிஸ்ரா அப்படியே நின்றது. அவர் ஒரு வாரமாகக் காத்திருந்த பதில், அவருக்கும் எல்லாரோடும் சேர்த்துத்தான் சொல்லப்பட்டது.

ராஜூ அவரைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். சாந்தாவைப் பார்த்து, "உனக்குத் தெரியுமா?" என்றார்.

"இப்பத்தான்," என்றாள் சாந்தா.

"கூரை போட்டாச்சே, திலகா."

அவள் மேசைமேலிருந்த உருண்டைகளைப் பார்த்தாள்.

"நான் என்ன கொற வெச்சேன் உனக்கு?"

"ஒரு கொறையும் வெக்கலண்ணே. அதனாலதான் சொல்ல இவ்ளோ நாளாச்சு."

"வாட்ஸ் ஹேப்பனிங்?" என்றான் ஜஸ்வின். ஷர்மினி அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் அத்தையை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

எழுந்து போய்விடலாம் என்றால் ஆமினா தேநீர் கொண்டுவந்துவிட்டாள். குடும்பமாக வந்ததற்கு அவள் உபசாரம், காசில்லை. கிராம்பு மணக்க மணக்க ஆறு சின்னக் கண்ணாடிக் குவளைகள். கொதிக்கிற தேநீரை விட்டுவிட்டு எழுந்திருக்க ராஜூவுக்குத் தெரியாது. ஊதி ஊதிக் குடித்தார். பாதி குடித்ததும் தியாகுவிடம், முகத்தைப் பார்க்காமல் கேட்டார்:

"அப்பா, அம்மா?"

"இல்லை. சண்டையில செத்துப்போட்டினம்."

"கூடப் பொறந்தவங்க?"

"ஒரு அக்கா. கனடாவில."

"குடிப்பீங்களா?"

"கலியாண வீட்டில ஒரு பியர்."

ராஜூ இன்னொரு மடக்குக் குடித்தார். "என்கிட்ட வந்து கேட்டிருக்கலாம்ல. ரூமுக்கு வயர் இழுக்குறேன்னு சொன்னீங்களே ஒழிய."

"கேக்கத்தான் இருந்தனான். அவ வேண்டாமெண்டு சொன்னவ." தியாகு குவளையைக் கீழே வைத்தார். "சனிக்கிழமை வயர் இழுக்க எப்பிடியும் வாறன். சொன்னது சொன்னதுதான்."

"அங்க பனி கொட்டும். இவளுக்குக் குளிர் ஆகாது."

"ஹீட்டர் பூட்டுறதுதானே என்ர வேலை."

வேறொரு நாளாயிருந்தால் ராஜூ இதற்குச் சிரித்திருப்பார். இன்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு, சட்டைப்பையைத் தடவிக் கார்ச் சாவியை எடுத்தார்.

வெளியே மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. தியாகு ஒடாஹுஹு பஸ்ஸுக்காகச் சரிவில் ஏறிப் போனார். மூலையில் ஒருமுறை நின்று, திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். காரில் திலகா வழக்கம்போலப் பின்னிருக்கையில், இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில். ஷர்மினி அவள் கையைத் தன் மடியில் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். ஜஸ்வின் மறுபக்கக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு திரும்பவே இல்லை. கண்ணாடித் துடைப்பான் மட்டும் போய் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிச் சரிவு இறங்கி, நியூமார்க்கெட் தாண்டி, எப்சம் நெருங்கும்வரை ராஜூ ரோட்டையே பார்த்து ஓட்டினார். ஒரு சிவப்பு விளக்கில் நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, துடைப்பானின் வேகத்தைக் கூட்டினார்.

சாந்தா முன்னிருக்கையிலிருந்து, திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்:

"திலகா, காலையில எத்தன மணிக்கு நீ எந்திரிக்கிற?"

"அஞ்சு மணிக்கு அண்ணி."

"தெனமுமா?"

"ஆமா. இதுங்களுக்குச் சாப்பாடு கட்டணும், உங்க யூனிபார்ம் தேய்க்கணும்ல."

"அஞ்சு மணிக்கா," என்றாள் சாந்தா. அதைத் தனக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தாள். விளக்கு பச்சைக்கு மாறி, கார் தங்கள் தெருவுக்குள் திரும்பியது. இருட்டில் வீட்டுக்குப் பின்னாலிருந்த புதுத் தகரத்தின்மேல் மழை விழும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

"நாளைக்கு என்னையும் எழுப்பு."